மஞ்சப்புழைத் தூண் கொட்டகை

சேசு மரி சூசை துணை

செக்காலை, காரைக்குடி
6-11-1967

அன்புத் தங்கை அடைக்கலமேரிக்கு அண்ணன் மரியசூசை எழுதுவது. அம்மா, உன் மதினி, நான் மூவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

நேற்று உறுதியான செய்தி: அரியக்குடி ரோடு அரிசி மில் முதலாளி பெரியகருப்பனுக்கு நீ ஒரு படம் வரைந்து தர ஒத்துக்கொண்டிருக்கிறாய். சொன்னவர் அந்த மில் மேனேஜர் இராமு. இராமு சொன்னால் பாதியைக் கழித்துவிடுவது என் வழக்கம். ஆனால் நீ போட்ட கடிதத்தையே எடுத்துக் காட்டினார். கையெழுத்து உன்னுடையதுதான்.

கூடலூருக்கு அந்தப் பக்கம் மஞ்சப்புழை ஆற்றங்கரையில் வெள்ளைக்காரன் காலத்தில் தங்கச் சுரங்கம் ஒன்று இருந்ததாம். அதைத் தன் தாத்தா பெத்தன் நடத்தினார் என்று பெரியகருப்பன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். இப்போது புது வீடு கட்டுகிறார். நடு ஹாலில் மாட்டத் தாத்தாவின் போட்டோ எங்கும் அகப்படவில்லை. தாத்தா இல்லாவிட்டால் சுரங்கமாவது சுவரில் இருக்கட்டும் என்று உன்னைப் பிடித்திருக்கிறார்.

முப்பது வருஷமாக இந்த ஜில்லாவில் செய்தி சேகரிக்கிறேன். நிலம் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பட்டம் வாங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தாத்தாவை வாங்குகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். அந்தத் தாத்தாவுக்குச் சாயம் பூச நம் வீட்டுப் பெண் போகிறாள். பிள்ளைகளுக்கு மாம்பழமும் கூஜாவும் வரையச் சொல்லிக் கொடுத்தது உனக்கு அலுத்துவிட்டதா?

அங்கே மழை விடவில்லை என்று படித்தேன். அட்டைக்குப் புகையிலை கட்டிக்கொள். அம்மாவின் ஆசீர்வாதம்.

மரியசூசை

*

கூடலூர், நீலகிரி
19-11-1967

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு அடைக்கலம் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

இராமு சொன்னது மெய். அந்தச் சுரங்கம் என் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆனால் இடம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குள் இருக்கிறது. இருபது வருஷமாக நான் எப்போது போனாலும் கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவான். பெரியகருப்பன் ஒரு டிரங்க் கால் போட்டார். கேட் திறந்துவிட்டது. அவர் தயவு எனக்கு அந்த அளவுக்குத்தான் வேண்டும்.

அவர் அனுப்பிய உத்தரவை அப்படியே எழுதுகிறேன்: "ஆறு பெரிதாக இருக்க வேண்டும். தங்கம் தெரிய வேண்டும். கூலியாட்கள் வேண்டாம், இடத்தை அடைப்பார்கள். கரையில் தூண் வைத்த பங்களா ஒன்று உண்டு. தன் உத்தரவு இல்லாமல் அதன் வாசலை ஒரு குஞ்சும் தாண்டாது என்று தாத்தா சொல்வார்கள். அது அவசியம் வர வேண்டும்."

சாயம் பூசுவது என் தொழில்தான், ஒத்துக்கொள்கிறேன். போன தீபாவளி மலரில் இதே பெரியகருப்பனை வள்ளல் என்று அரைப்பக்கம் புகழ்ந்தது எந்தப் பேப்பர் என்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். அதற்கு நான் பிரஷ் கொடுக்கவில்லை.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். நான் மஞ்சப்புழைக்குப் போகிறேன் என்று. அவ்வளவு போதும்.

மதினிக்கு என் அன்பு.

அடைக்கலம்

*

காரைக்குடி
4-12-1967

அன்புத் தங்கைக்கு, நாங்கள் சுகம். உன் மதினிக்கு ஜலதோஷம், வேறொன்றுமில்லை.

அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள். கீரையை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய், நான் ஆபீசுக்குக் கிளம்பும் வரை வரவில்லை. முழங்கால் வலி போலிருக்கிறது.

தீபாவளி மலரில் எழுதியவன் நானில்லை, விளம்பரப் பகுதி. அந்த வித்தியாசம் உனக்குத் தெரியும். தெரிந்தே குத்துகிறாய்.

பெத்தனைப் பற்றி விசாரித்தேன். நாட்டரசன்கோட்டையில் கருத்தையா என்று எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் இருக்கிறார். சின்ன வயதில் அந்தச் சுரங்கத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். அவர் சொன்னது:

"பெத்தனா? மொதலாளியா? நல்லாருக்கு தம்பி. அவரு மேஸ்திரியில்ல. இங்குட்டிருந்து ஆள் பிடிச்சுட்டுப் போவாரு. தொர குதிரையில வந்தா தொப்பிய வாங்கி மடியில வச்சுக்குவாரு. மத்த நேரம் ஆத்தங்கரைக் கொட்டகை வாசல்லதான் நிப்பாரு."

"வாசலில் நின்று என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

"அத விடுங்க" என்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிட்டார். எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் வரவில்லை.

ஆக, சுரங்க முதலாளி என்பவர் தொப்பி பிடித்தவர். இது முதல் தகவல்தான். இரண்டாவது ஆள் சொல்லும்வரை உறுதி என்று எழுத மாட்டேன். அந்த வாசலில் அவருக்கு என்ன வேலை என்று உனக்கு அங்கே யாராவது சொன்னால் எழுது.

திருநாளுக்கு வருவாயா?

மரியசூசை

*

கூடலூர்
20-1-1968

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். கிறிஸ்துமஸ் லீவு முழுவதும் மஞ்சப்புழையில் கழிந்தது. அம்மாவுக்கு அங்கிருந்தே ஒரு கார்டு போட்டேன்.

பெரிய இடமாக ஒன்றும் இல்லை. மலையைக் குடைந்த ஓட்டைகளில் பெரணி முளைத்திருக்கிறது. பாறையை இடித்து அலசிவிட்டுக் கொட்டிய மண், ஆறு வளைகிற இடத்தில் மேடு மேடாகக் கிடக்கிறது. அதில் இன்னும் புல்கூட வரவில்லை. ஆறு அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. தூண் வைத்த கட்டடம் கரையில் நிற்கிறது. கூரை இல்லை. வாசல் இருக்கிறது.

காலையில் பனி. தாளில் போட்ட சாயம் உச்சி வெயில் வந்தால்தான் காயும். வாளியில் ஆற்றுத் தண்ணீர் எடுத்து அதிலேயே சாயத்தைக் கரைத்தேன். நீர்வண்ணத்தில் வெள்ளைக்கென்று சாயம் வைப்பதில்லை. எது வெள்ளையோ அந்த இடத்தில் தாளைத் தொடாமல் விட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் போட்டுவிட்டு வாசலை மட்டும், குறுக்கே கிடந்த கட்டை நீங்கலாக, தொடாமல் விட்டேன். கூலியாட்கள் இல்லை. உத்தரவுப்படி.

படத்தை இராமு வந்து வாங்கிப் போனார். காருக்குள் வைக்குமுன் அதை முகர்ந்து பார்த்தார். எதற்கென்று தெரியவில்லை.

இந்தப் படத்தைப் பற்றி அம்மாவிடம் நீங்களாக எதுவும் பேச வேண்டாம். மதினிக்கு ஜலதோஷம் விட்டதா?

அடைக்கலம்

*

காரைக்குடி
11-2-1968

அன்புத் தங்கைக்கு, எல்லோரும் சுகம்.

நான் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பெரணிக்குக்கூட இடம் இருந்திருக்கிறது. அம்மாவுக்கு நீ போட்ட கார்டைப் படித்துக் காட்டினேன். "இருக்கிறது" என்று ஒரே சொல். கார்டு வாங்குகிறவர்கள் இரண்டு சொல்லாவது எழுதுவார்கள். அம்மா அதை வாங்கி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். படிக்கத் தெரியாதவளுக்கு ஒரு சொல்லே அதிகம் போலும்.

நேற்று மில் ஆபீசில் படத்தைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. எனக்கு எரிச்சலே அதுதான். புல் முளைக்காத அந்த மேட்டைப் பார்த்தால் தொண்டை வறள்கிறது. இவ்வளவு தெரிந்தவள் இந்த ஆளுக்கா வரைந்தாய்?

படத்தில் ஆற்றுப் பக்கம் பொடிப்பொடியாக ஏதோ மினுக்குகிறது. பெரியகருப்பன் வருகிறவர்களையெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச் அடித்துக் காட்டுகிறார். "பாத்தீகளா? தங்கம். தாத்தா ஆத்துத் தங்கம். படத்துலயே வந்துருச்சு." நகைப் பத்தர் ஒருவரை அழைத்து மாற்று என்ன என்று கேட்டிருக்கிறார். பத்தர் உரைகல்லை எடுத்தாராம், தாளில் உரசினால் படம் போய்விடும் என்று திரும்ப வைத்துக்கொண்டாராம். "கண்ணுக்குத் தெரியுதுல்ல முதலாளி, அது போதும்" என்றாராம். காரைக்குடியில் இந்த மாதம் யாராவது நேர்மையாகப் பேசினார்கள் என்றால் அந்தப் பத்தர்தான்.

தூண் கட்டடத்தைத் தாத்தா பங்களா என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். உன்னைப் பற்றி அவர் சொன்னது: "நல்ல பிள்ளை. சொன்னதச் சொன்னபடி செய்யும்." வண்டிமாட்டைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள்.

அந்தக் கட்டடம் என்ன? எழுது.

மரியசூசை

*

கூடலூர்
17-3-1968

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தவக்காலம், பரீட்சைக்காலம் இரண்டும் சேர்ந்துகொண்டன. சுகம்.

மினுக்குவது காக்காப்பொன். ஆற்று மணலில் கிடக்கும், அலசினால் போகாது, கரைத்த தண்ணீரோடு தாளில் ஒட்டிவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் முதல் நாளே அதைத் தங்கம் என்று நினைத்து அடி வாங்குவார்களாம். பெரியகருப்பனிடம் சொல்ல வேண்டாம். டார்ச் பேட்டரியாவது செலவாகட்டும்.

கட்டடம் யாரும் குடியிருந்தது அல்ல. அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. என்னை வண்டிமாடு என்று நினைத்துக்கொண்டிருங்கள், பரவாயில்லை. மாடு எங்கே இழுத்துக்கொண்டு போகிறது என்று வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியவில்லை.

அம்மா அந்தக் கார்டை என்ன செய்தாள் என்று எழுதியதற்கு நன்றி.

அடைக்கலம்

*

காரைக்குடி
22-4-1968

அன்புத் தங்கைக்கு, உடனே பதில் எழுது.

பெரியகருப்பன் புது வீட்டின் முகப்பை இடித்துவிட்டு உன் படத்தைப் பார்த்து மறுபடி கட்டுகிறார். அதே தூண்கள், கருங்கல்லில். அதே ஒடுங்கிய வாசல். உள்ளே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. உன் படத்தில் வாசலுக்குக் குறுக்கே ஒரு கட்டை இருக்கிறதே, நான் விழுந்து கிடக்கும் உத்தரம் என்று நினைத்திருந்தேன், அதையும் தேக்கில் செய்து இரண்டு முனையிலும் பித்தளைப் பூண் போட்டு வாசலில் மாட்டியாகிவிட்டது. பெரிய வீடுகளுக்கெல்லாம் உயரமான வாசற்படி உண்டு, இது தாத்தா பங்களாவின் வாசற்படி என்கிறார். வைகாசியில் புதுமனை புகுவிழா. படம் வரைந்தவரின் குடும்பம் என்று நமக்கும் பத்திரிகை வைத்திருக்கிறார். எங்கள் ஆசிரியர் அரைப்பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் நேற்றுச் சாப்பிடும்போது சிரிப்பாக உன் மதினியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"கட்டையும் வச்சிருக்கானா?"

"ஆமா."

"முழங்காலுக்கு மேலயா, கீழயா?"

நான் உயரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா படத்தைப் பார்க்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவள் என்றுதான் நமக்குச் சொல்லியிருக்கிறாள். இந்தக் கேள்வியை அவள் எப்படிக் கேட்க முடியும்? ஆசாரியிடம் போய் அளவு கேட்டேன். முழங்காலுக்கு மேலே.

மரியசூசை

*

கூடலூர்
28-4-1968

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அம்மா தோட்டத்தில் வேலை பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு முந்திய இரண்டு வருஷம் மஞ்சப்புழைச் சுரங்கத்தில் மண் அலசினாள். அழைத்துப் போனது பெத்தன் மேஸ்திரி. மகனிடம் சொல்லக்கூடியதல்ல என்று என்னிடம் மட்டும் சொன்னாள். எனக்குக் கூடலூரில் வேலை கிடைத்து முதல் முறை பஸ் ஏறியபோது ஜன்னலண்டை வந்து, "அந்தப் பக்கம் ஆத்தங்கரையில தூண் வச்ச கொட்டகை இருக்கும். இன்னும் இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றாள். பாக்கியைச் சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டான்.

அது சோதனைக் கொட்டகை. மாலையில் வேலை முடிந்து வெளியே போகிறவர்கள் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஆண் பெண் எல்லோரும். முடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும். வாயைத் திறக்க வேண்டும். பெத்தன் விரலை விட்டு இரண்டு கன்னத்துக்குள்ளும் துழாவுவார். பிறகு உடுத்தியதை உதறிக் காட்டிவிட்டு அந்தக் கட்டையைக் கால் அகட்டித் தாண்ட வேண்டும், ஒளித்தது விழும் என்று. அவர் உத்தரவில்லாமல் அந்த வாசலை யாரும் தாண்டவில்லை என்பது மெய்தான். பேரன் அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்துதான் வரைந்தேன். அவர்கள் தாத்தாவின் தொழிலை அவர்கள் சுவரிலேயே மாட்டி, அவர்கள் கையாலேயே மாலை போட வைக்க வேண்டும் என்று நினைத்தேன். தலைமுறை தலைமுறையாக அது அங்கே தொங்கட்டும், எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று. அதைக் கல்லிலும் தேக்கிலும் கட்டுகிற அளவுக்கு ஒருவர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. என் அவமதிப்பும் அந்த அளவுக்குப் போகவில்லை.

அம்மாவை அந்த விழாவுக்கு அனுப்பாதீர்கள். இன்னொரு முறை அந்தக் கட்டையை அவள் தாண்டக் கூடாது. நான் கேட்பது இது ஒன்றுதான். நான் சொன்னதாக அவளிடம் காட்டிக்கொள்ளாதீர்கள்.

அடைக்கலம்

*

காரைக்குடி
10-6-1968

அன்புத் தங்கைக்கு, அம்மா சுகம். முதலில் அதைத் தெரிந்துகொள். உன் கடிதத்துக்கு ஆறு வாரம் பதில் எழுதவில்லை. எழுத வரவில்லை.

விழா போன வியாழக்கிழமை நடந்தது. அம்மாவை நிறுத்த முடியவில்லை. "நீ வரலன்னா இராமு வண்டியில ஏறிப் போயிருவேன்" என்றாள். வெள்ளைச் சேலை, கழுத்தில் ஜெபமாலை. இனி நான் எழுதுவதெல்லாம் நானே பக்கத்தில் நின்று பார்த்தது.

வாசலில் பெரியகருப்பன் சந்தனமும் கற்கண்டும் தட்டில் வைத்துக்கொண்டு வரவேற்றார். விருந்தாளிகள் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக் கட்டையைத் தாண்டினார்கள். பெண்கள் பட்டுச்சேலையைச் சுருட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள். நாட்டரசன்கோட்டைக் கருத்தையாவும் பேரனோடு வந்திருந்தார். கட்டையைப் பார்த்ததும் ஒதுங்கிப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"வாங்க ஆத்தா, வாங்க. இந்தப் படத்தப் போட்ட பிள்ளையோட ஆத்தா" என்று பெரியகருப்பன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அம்மா கட்டைக்கு இந்தப் பக்கமே நின்றாள். கொண்டையை அவிழ்த்தாள். நரைமுடியை இரண்டு தடவை உதறினாள். பிறகு வாயைத் திறந்தாள். நன்றாகத் திறந்து, நாக்கைத் தூக்கி, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

பெரியகருப்பன் சிரித்தார். "ஆத்தாவுக்குக் கையால ஊட்டணுமாம்ல" என்று ஒரு கற்கண்டை எடுத்து விரலால் அவள் வாயில் வைத்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அம்மா கற்கண்டை எடுத்துக் கட்டை மேல் வைத்தாள்.

"இது உங்க வீட்டுது. பாத்துக்கங்க, நான் ஒண்ணும் எடுத்துட்டுப் போகல. உங்க தாத்தாவும் இப்படித்தான் வெரல விட்டுப் பாப்பாக. தெனமும் பாப்பாக. அவுக கற்கண்டு வைக்க மாட்டாக."

குரலை உயர்த்தவில்லை. கொண்டையை முடிந்துகொண்டு திரும்பிவிட்டாள். பந்தல்காலண்டை நின்ற கருத்தையா, "ஆமாத்தா" என்றார். இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார்.

பின்னால் வந்த பெண்கள் சேலையைச் சுருட்டிய கையோடு நின்றார்கள். யாரும் தாண்டவில்லை. பந்தி பாதி காலி என்று சமையல்காரரே சொன்னார்.

நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்: "காரைக்குடியில் புதுமனை புகுவிழா நடந்தது. வாசலில் உள்ள கட்டை, மஞ்சப்புழைச் சுரங்கத்தில் கூலியாட்களைச் சோதனையிட்ட கட்டையின் மாதிரி." ஆசிரியர் முதல் வரியை மட்டும் போட்டார்.

சாயம் பூசுகிறவள் என்று உன்னை எழுதியவன் நான். சாயம் எங்கள் பேப்பர் ஆபீசில்தான் காய்கிறது என்று இப்போது தெரிகிறது.

மரியசூசை

*

கூடலூர்
16-6-1968

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அம்மா வீட்டுக்கு வந்து சாப்பிட்டாளா? அதை எழுதவில்லை நீங்கள்.

நேற்று இராமு படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தார். கொட்டகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாடி வீடு வைக்க வேண்டுமாம். எடுக்க முடியாது, வாசல் இருக்கும் இடத்தில் கட்டையைத் தவிரச் சாயமே இல்லை, வெறும் தாள், எதைச் சுரண்டுவது என்றேன். "அப்ப கட்டைக்கு முன்னால ஒரு செம்பருத்திச் செடியாவது வைங்க டீச்சர்" என்று கெஞ்சினார். பாவம், அவர் சம்பளத்துக்குச் செம்பருத்தி வரைக்கும்தான் யோசிக்க முடியும். ஒரு டீ கொடுத்துப் படத்தோடு திருப்பி அனுப்பினேன்.

ஊரில் பேச்சு எப்படி? அம்மாவை யாரும் தொந்தரவு செய்யவில்லையே?

அடைக்கலம்

*

காரைக்குடி
21-6-1968, வெள்ளி

அன்புத் தங்கைக்கு, எல்லோரும் சுகம். அன்று அம்மா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

இன்று காலை உறுதியானது, சொன்னவர் இராமு: பெரியகருப்பன் அம்மாவைப் பார்க்க நம் வீட்டுக்கு வருகிறார். மன்னிப்புக் கேட்க அல்ல. அவர் மகளுக்குத் தேவகோட்டையில் பேசிய சம்பந்தம் ஆட்டம் கண்டிருக்கிறதாம். மாப்பிள்ளை வீட்டார் மஞ்சப்புழையைப் பற்றி விசாரிக்கிறார்களாம். அந்த மேஸ்திரி வேறு பெத்தன், தனக்கு வயதாகி ஞாபகம் பிசகிவிட்டது என்று அம்மா நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டுமாம். கட்டை இன்னும் அவர் வாசலில் இருக்கிறது. எடுத்தால் ஒத்துக்கொண்டதாகிவிடும், விட்டால் பெண்கள் வருவதில்லை. அவர் வீட்டுக்காரர்களே கொல்லை வழியாகப் போய்வருகிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன்.

"வரட்டும். நான் மறந்துட்டேனா இல்லையான்னு அவரே பாத்துக்கிரட்டும். அந்த உலக்கைய எடுத்து வாசல்ல குறுக்க போடு."

"எவ்வளவு உயரத்துக்கு?" என்று கேட்டேன். அவள் முகத்தை நேராகப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி.

"ஒனக்குத் தெரியாதா? நீதான் ஆசாரிகிட்டப் போயி அளவு கேட்டவனாச்சே" என்றாள்.

செங்கல் அடுக்கி உலக்கையை வைத்துவிட்டேன். முழங்காலுக்கு மேலே. வாயைத் திறந்து காட்டச் சொல்வீர்களா என்று உன் மதினி கேட்டாள். அம்மா கற்கண்டு மட்டும் கொஞ்சம் வாங்கி வைக்கச் சொன்னாள்.

பெரியகருப்பன் வருவதாகச் சொல்லியிருப்பது நாளை மறுநாள், ஞாயிறு, எட்டு மணிப் பூசை முடிந்ததும். உலக்கையைத் தாண்டி வருவாரா, வாசலோடு திரும்புவாரா என்பது ஒன்பது மணிக்குத் தெரிந்துவிடும்.

மரியசூசை